முப்பத்தோராம் வரைவிலக்கணம்

"பெட்டியை விடுங்கோ, ரீச்சர்."

"நீங்கள் விடுங்கோ, தலைவர். இது என்ரை வகுப்புச் சோக்கு."

"வகுப்பிலை இனிச் சோக்கு இல்லை. சுற்றறிக்கை வந்திட்டுது."

"அப்ப அந்தச் சுற்றறிக்கையாலை 'அ' எழுதிக் காட்டுங்கோவன், பாப்பம்."

இந்த இடத்தில் சுண்ணக்கட்டிப் பெட்டி நடுவால் கிழிந்தது. பாதிச் சோக்கு எங்கள் தமிழ்ப் பள்ளித் தலைவர் எமிலியானுஸின் கையில் நின்றது, பாதி முதலாம் வகுப்பு ஆசிரியை புஸ்பவதியின் கையில் நின்றது. பதினான்கு பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் தங்கள் பங்கைப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள்.

நான் அங்கே ஏன் நின்றேன் என்று கேட்கக் கூடாது. பலேர்மோ நகரத்தின் சீசாப் பகுதியில், கத்தோலிக்கக் கோயிலோடு ஒட்டிய பங்கு மண்டபத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. அதன் குசினியில் தேத்தண்ணி போடுவது நான். குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் கோப்பை நீட்டுவதற்கென்று ஒரு சின்ன யன்னல் உண்டு. அதை மூடி வைத்துக்கொண்டு கோப்பை நீட்ட முடியுமா?

சண்டை 2014ஆம் ஆண்டு ஐப்பசியில் நடந்தது. ஆனால் விதை அதற்கு முந்திய வருடமே போட்டாயிற்று. இத்தாலி முழுவதுக்குமான தமிழ்ப் பள்ளிகளை மேய்ப்பதற்கு வடக்கே ஒரு பேரவை இருக்கிறது. அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளிகள் எல்லாம் டிஜிட்டல் முறைக்கு மாறும். தொடுபலகை என்ற ஒன்று வரும். விரலால் தொட்டால் படம் வரும், பாடம் வரும். அதற்கு முன் ஆசிரியர்கள் மூன்று நிலைப் பயிற்சி பெற வேண்டும். முதலாம் நிலை கேட்டல். இரண்டாம் நிலை விளக்கல். மூன்றாம் நிலை தொடுதல். மூன்றாம் நிலைச் சான்றிதழ் இல்லாதவர்கள் பலகையில் விரல் வைக்கக் கூடாது.

எமிலியானுஸ் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். மன்னார்க்காரர், நல்ல மனிதர். கிழமை நாட்களில் மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு உணவகத்தில் மீன் துப்புரவாக்குகிறார். ஆறு நாளும் மற்றவர் சொல்லக் கேட்கிற ஒருவர் ஏழாம் நாள் தான் சொல்ல ஆசைப்பட்டால் அதில் என்ன பிழை?

புஸ்பவதியும் மொண்டெல்லோவில்தான் வேலை. ஒரு சின்யோராவின், பணக்கார இத்தாலிய அம்மாவின், வீடு துடைக்கிறாள். எட்டு அறை, கண்ணாடி மேசை மட்டும் நான்கு. வன்னியில் பதினொரு வருடம் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்துவிட்டு, போர் முடிந்தபின் வந்து சேர்ந்தவள். எங்கள் கட்டடத்தில் எனக்கு நேர் மேலே இருக்கிறாள். அவள் வீட்டில் கதிரை நகர்ந்தால் எனக்குத் தெரியும். மொண்டெல்லோவில் அவளுக்குப் பெயர் இல்லை. 'சென்தா' என்றுதான் கூப்பிடுவார்கள்; கேளுங்கள் என்று அர்த்தம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பதினான்கு பிள்ளைகள் எழும்பி நின்று, "வணக்கம் ஆசிரியை" என்று இழுத்துச் சொல்லும்போது அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்வதை யன்னலால் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே சரியாக இருக்கும் தலைப்பை.

முதலாம் நிலைப் பயிற்சிக்குப் பேரவையின் டிஜிட்டல் கற்பித்தல் இணைப்பாளர் மார்க்கண்டு ஐயா நேரில் வந்தார். நெடிய மனிதர், சால்வை, கழுத்தில் அடையாள அட்டை. காலை பத்து மணிக்கு மங்கள விளக்கேற்றல். ஐந்து திரிக்கு ஏழு பிரமுகர்கள் இருந்ததால் இரண்டு திரியை அணைத்து மீண்டும் ஏற்றினார்கள். கத்தோலிக்கர் பக்கம் குறைந்துவிடக் கூடாதென்று ஒரு மெழுகுதிரி. பிறகு அகவணக்கம், பள்ளிக்கீதம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை. கணினி பெட்டியோடு ஒரு கதிரையில் இருந்தது. அதற்கும் ஒரு சால்வை போர்த்தியிருந்தார்கள்.

மார்க்கண்டு ஐயாவின் சிறப்புரை எனக்கு இன்றும் மனப்பாடம்.

"அன்பான உறவுகளே, நான் பதினாறு நகரங்களிலை டிஜிட்டல் கல்வி பற்றிப் பேசியிருக்கிறன். ஒரு இடத்திலையாவது கணினியைப் போட்டுக் காட்டேல்லை. ஏன்? போட்டால் சனம் கணினியைத்தான் பாக்கும். பேச்சைக் கேளாது."

எல்லோரும் கை தட்டினார்கள். மத்தியானம் புரியாணி. நாலு மணிக்கு ஞானோபதேச வகுப்புக்கு மண்டபம் வேண்டுமென்று கோயில்காரர் வந்துவிட்டார். கணினியை நடுவில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். பதினொரு ஆசிரியர்களுக்கும் 'கேட்டல்' சான்றிதழ் கிடைத்தது.

இரண்டாம் நிலை மாசியில். தலைப்பு 'தாளில்லா வகுப்பறை'. அதற்கு ஒவ்வொருவரும் நாற்பது தாள் கொப்பி கொண்டுவர வேண்டும், வரவுப் பதிவில் நான்கு பிரதியில் ஒப்பமிட வேண்டும். மார்க்கண்டு ஐயா நாற்பத்திரண்டு வரைவிலக்கணம் சொல்லச் சொல்ல ஆசிரியர்கள் எழுதினார்கள். சுட்டி என்பது யாது, திரை என்பது யாது என்று போகும். பரீட்சையில் சுட்டியின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னார்கள்.

அந்த நாற்பத்திரண்டையும் புஸ்பவதி என் தலைக்கு மேல் நடந்து நடந்து பாடமாக்கினாள். இரண்டு கிழமை. எனக்கும் பாடமாகிவிட்டது. முப்பதாவது, கோப்பு. முப்பத்தோராவது, பெருக்கல் குறி: "திரையின் மேல் வலது மூலையில் அமைந்திருப்பது, தொட்டால் திறந்திருக்கும் பாடம் மூடப்படும்." முப்பத்திரண்டு வரும்போது எனக்கு நித்திரை வந்துவிடும். அவளுக்குத் தொண்ணூற்றெட்டுப் புள்ளி. சுட்டியின் வயரைக் கட்டையாகக் கீறியதற்கு இரண்டு புள்ளி வெட்டிவிட்டார்கள்.

"இதை எப்ப ஐயா தொட விடுவியள்?" என்று அவள் பரீட்சையன்று கேட்டாள். இணைப்பாளர் சிரித்து, அவசரப்படுகிறவர்களால்தான் தொழில்நுட்பம் கெட்டுப்போகிறது என்று சொன்னார்.

பலகை வாணி விழாவுக்கு வந்து சேர்ந்தது. சுவரளவு பெரிது, வெள்ளை நிறம், சுற்றிவரக் கறுப்புச் சட்டம். சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடுமாம். அதை எது மறித்தாலும் விரல் என்று பலகை நினைத்துக்கொள்ளுமாம். இதையும் கொப்பியில் எழுதித்தான் வைத்திருந்தார்கள்.

பலகைக்கு யார் ஆசி கொடுப்பது என்பதில் நிர்வாகக் குழு மூன்று கூட்டம் கூடியது. சைவக்காரர் சந்தனப்பொட்டு வைக்காமல் ஒரு புதுப் பொருளைத் தொடுவதில்லை. கத்தோலிக்கருக்குத் தீர்த்தம் தெளிக்காவிட்டால் மனம் ஆறாது. கடைசியில் பலகையைப் பிரித்தார்கள். இடது பாதி பங்குச் சுவாமிக்கு, வலது பாதி சந்தனத்துக்கு. சுவாமி பலேர்மோக்காரர், எங்கள் ஆட்களோடு பழகியவர். தெளித்துவிட்டு ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டுப் போனார். தெளித்த தண்ணீர் காய்ந்துவிட்டது.

சந்தனம் காயுமா? மார்க்கண்டு ஐயா உயரமானவர், பிரதம விருந்தினர் வேறு. எட்டுகிற உயரத்துக்கு எட்டி, மேல் வலது மூலையில், சட்டத்தின் ஓரத்தோடு, பெருவிரலால் ஒரு பொட்டு வைத்தார். அது பொட்டில்லை, வடகம். அதன் மேல் குங்குமம். நாதஸ்வரம் ஒலிநாடாவில் முழங்கியது.

பேச்சுகள் முடிய நேரம் போய்விட்டதால் தொடுதல் பரீட்சை நடக்கவில்லை. ஆனாலும் ஒருவருக்காவது மூன்றாம் நிலை கொடுக்காமல் போனால் பேரவைக்கு அழகில்லை. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய றம்யாவுக்குக் கொடுத்தார்கள். இருபத்திமூன்று வயதுப் பிள்ளை, இரண்டாம் வகுப்புக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவள். ஒலிவாங்கியை மூன்று மணித்தியாலம் விடாமல் பிடித்திருந்தபடியால் மின்கருவியைத் தொட்ட அனுபவம் உண்டு என்று சான்றிதழில் எழுதியிருந்தது.

அடுத்த ஞாயிறு கரும்பலகையை முற்றத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். அன்றுதான் சோக்குப் பெட்டி கிழிந்தது.

புதுப்பலகை திறந்தது. 'அ' வந்தது. அணில் வந்தது. கண் இமைக்க முன் எல்லாம் மூடிக்கொண்டது. பலகைக்குப் பொறுப்பான கையென்று றம்யாவைக் கூப்பிட்டு மறுபடி திறக்கச் சொன்னார்கள். மறுபடி மூடியது. எதைத் திறந்தாலும் அதே கதைதான்.

"மயேஸ்த்ரா, அணில் பிறகும் போயிட்டுது," என்று முன்வரிசையில் இருந்து கேசினி என்ற ஆறு வயதுக்காரி அறிவித்தாள். ஆசிரியையை இத்தாலியப் பள்ளிப் பழக்கத்தில் 'மயேஸ்த்ரா' என்பாள். அங்கே தன் பெயரை அழகாக எழுதுவாள். தமிழில் 'கே' என்றால் முன்னால் கொம்பு போடுவதா பின்னால் போடுவதா என்று இன்னும் தெரியாது. மார்கழி விடுமுறைக்கு முன் தன் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தமிழில் எழுத வேண்டும் என்பது புஸ்பவதியின் சட்டம். வந்த நாளிலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. இப்போது சோக்கில்லை, பலகை நிற்பதில்லை. பிள்ளைகள் அணில் போவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாம் கிழமை அவளுக்குக் கடிதம் கொடுத்தார்கள். கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்குள் தொடுதல் நிலை பெறாவிட்டால் முதலாம் வகுப்பு றம்யாவிடம் ஒப்படைக்கப்படும்.

அவள் கடிதத்தோடு தலைவரிடம் போனாள். "தொடுதல் சோதினை இந்தப் பலகையிலைதானே வைக்கவேணும். பலகை வேலை செய்யாட்டி நான் எப்பிடி எடுக்கிறது?"

"அது உங்கடை தயார்நிலையைப் பொறுத்தது, ரீச்சர்."

"சரி, பலகையை ஆரேன் திருத்துங்கோவன்."

"மூன்றாம் நிலை இல்லாத ஆள் தொடேலாது. றம்யாவுக்குத் திருத்தத் தெரியாது."

அன்று இரவு என் தலைக்கு மேல் நடமாட்டமே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

குழு சும்மா இருக்கவில்லை. பழுதை ஆராய உபகுழு அமைத்தது. ஒருவர் மின்சாரம் என்றார். ஒருவர் சிரோக்கோக் காற்றின் புழுதி என்றார். கண்ணூறு என்று சொன்னவருக்குத்தான் ஆதரவு கூட. மார்க்கண்டு ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அணைத்துவிட்டுப் போடச் சொன்னார். போட்டார்கள். எத்தனை நிமிடம் அணைத்தீர்கள் என்று கேட்டுப் படிவம் அனுப்பினார்.

பிறகுதான் நேர்த்தி. பலேர்மோவில் இருக்கிற எங்கள் சனம் சைவமோ கத்தோலிக்கமோ, ஒரு காரியம் ஆகாவிட்டால் பெல்லெகிரினோ மலை ஏறி, நகரத்தின் புனிதை சந்தா ரொசலியாவிடம் சொல்லிவிடும். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைக்க ஏறியிருக்கிறோம், பிள்ளை கிடைக்க ஏறியிருக்கிறோம். ஒரு பலகைக்காக ஏறியது அதுதான் முதல் தடவை. எமிலியானுஸ் வெறுங்காலோடு முன்னால் நடந்தார். பலகையின் தொலையியக்கியைப் புனிதையின் காலடியில் வைத்துக் கும்பிட்டார்கள். புஸ்பவதியும் வந்தாள். என்ன கேட்டாள் என்று இறங்கும்போது கேட்டேன். "என்ரை வகுப்பை," என்றாள்.

இறங்கி வந்து போட்டார்கள். அணில் வந்தது, போனது. மெழுகுதிரி சின்னது என்று சிலர் சொன்னார்கள்.

கார்த்திகைக் கடைசி ஞாயிறு வந்தது. பலகையை நேரில் பார்த்து முடிவெடுக்க மார்க்கண்டு ஐயா விமானத்தில் வந்துகொண்டிருந்தார். குழு முழுவதும் மாலையோடு அவரை அழைக்கப் போய்விட்டது. பூச்செண்டு கொடுக்க றம்யாவையும் கூட்டிக்கொண்டு போனது. மண்டபத்தில் புஸ்பவதியும் பதினான்கு பிள்ளைகளும், யன்னலுக்கு இந்தப் பக்கம் நானும். கேசினி பலகைக்கு முன்னால் நின்று, இல்லாத அணிலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

புஸ்பவதி தன் கடைசி வகுப்பை நடத்துகிறவள் போலத்தான் நின்றாள். பிறகு பார்வை மேலே போனது. மேல் வலது மூலை. அவளுடைய உதடு அசைந்தது. அந்த அசைவு எனக்குத் தெரியும். இரண்டு கிழமை கூரையால் கேட்டது. இருபத்தொன்பது. முப்பது. முப்பத்தொன்று.

யன்னலடிக்கு வந்தாள். "அக்கா, ஒரு கோப்பை சுடுதண்ணி தாங்கோ."

"தேயிலை போடட்டோ?"

"வேண்டாம். வெறுந்தண்ணி."

கைப்பைக்குள்ளிருந்து ஒரு துணி எடுத்தாள். சின்யோராவின் கண்ணாடி மேசைக்கென்று வைத்திருக்கிற நீலத் துணி. நூல் விடாது, கீறாது. கதிரையில் ஏறினாள். காய்ந்த சந்தனத்தைத் தண்ணீரால் ஊற வைத்து, சுரண்டாமல், மூலையிலிருந்து வெளிப்பக்கமாக, தொழில் தெரிந்த ஒருத்தி எப்படித் துடைப்பாளோ அப்படித் துடைத்தாள். இறங்கிவந்து பாடத்தைத் திறந்தாள்.

'அ' வந்தது. அணில் வந்தது. நின்றது.

"மயேஸ்த்ரா, இருக்குது," என்று கேசினி மெதுவாகச் சொன்னாள், சத்தம் போட்டால் ஓடிவிடும் என்பது போல.

அதன்பிறகு இருபது நிமிடம் எங்கள் பள்ளியில் டிஜிட்டல் கல்வி நடந்தது. பிள்ளைகள் வரிசையில் வந்து விரலால் எழுதின. பிழை விட்டால் உள்ளங்கையால் துடைத்தால் அழிந்தது. கொம்பு எந்தப் பக்கம் என்று கேசினி திரும்பிப் பார்த்தாள். முதலில் போடு என்று புஸ்பவதி கையால் காட்டினாள். சிவப்பு நிறத்தில், சுவரளவுக்குக் 'கேசினி' என்று எழுதினாள். எனக்குத் தேத்தண்ணி பொங்கி அடுப்பு அணைந்தது தெரியவில்லை.

அப்போது ஊர்வலம் உள்ளே வந்தது. மாலை, பூச்செண்டு, நடுவில் மார்க்கண்டு ஐயா. எல்லோரும் பலகையைக் கண்டு நின்றார்கள். எமிலியானுஸ் சிலுவை போட்டுக்கொண்டு, புனிதை கைவிடவில்லை என்றார். மார்க்கண்டு ஐயா புனிதையை மறுக்கவில்லை. தான் விமானத்தில் வரும்போதே பழுதைப் பற்றி ஆழமாகச் சிந்தித்துக்கொண்டு வந்ததாக மட்டும் சொன்னார். உடனே சால்வை போர்த்தினார்கள். படம் எடுக்கப் பலகையோரம் திரும்பியபோதுதான் அவர் முகம் மாறியது.

"பொட்டு எங்கை?"

எல்லோரும் பலகையின் மூலையைப் பார்த்தார்கள்.

"நான்தான் துடைச்சனான்," என்றாள் புஸ்பவதி. "பெருக்கல் குறிக்கு மேலை இருந்தது, ஐயா. பலகை அதை விரல் எண்டு நினைச்சு மூடிக்கொண்டிருந்தது. உங்கடை முப்பத்தோராம் வரைவிலக்கணம்தான் சொல்லித் தந்தது."

"எது முப்பத்தொண்டு?"

அவள் ஒப்புவித்தாள். ஒரு சொல் பிசகவில்லை. நானும் யன்னலுக்குள் இருந்து கூடவே சொல்லிவிட்டேன், பழக்கதோஷம்.

மார்க்கண்டு ஐயா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "தங்கச்சி, அதுகளைப் பாடமாக்கத்தான் தந்தது. பாவிக்கத் தரேல்லை."

விசாரணைக் குழு அன்று பின்னேரமே கூடியது. குற்றம் இரண்டு: மூன்றாம் நிலை இல்லாமல் தொட்டது, விழாவில் வைத்த பொட்டை அழித்தது. பலகை திருந்திய விடயம் குழுவின் அதிகார எல்லைக்குள் வரவில்லை என்று அறிக்கையில் போட்டார்கள். தீர்ப்பும் இரண்டு. முதலாம் வகுப்பு இன்றிலிருந்து றம்யாவுக்கு. பொட்டு உரிய மரியாதையோடு அதே இடத்தில் மீண்டும் வைக்கப்படும். புதுச் சந்தனம் குழைத்தார்கள். ஒற்றுமைக்காக இந்தத் தடவை மார்க்கண்டு ஐயாவும் எமிலியானுஸும் ஆளுக்கொரு பெருவிரல் வைத்தார்கள். அணில் போனது. 'கேசினி'யும் போனது.

எமிலியானுஸுக்கு உள்ளுக்குள் ஏதோ குறுகுறுத்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு புஸ்பவதியைக் கூப்பிட்டு, அவளுடைய திறமையைப் பள்ளி மதிக்கிறது, பலகைப் பராமரிப்புப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி போட்டிருக்கிறோம், ஞாயிறு தோறும் வந்து பலகையைத் துடைக்கலாம், பொட்டை மட்டும் விட்டுவிட வேண்டும் என்றார்.

"ஆறு நாள் துடைக்கிறன், தலைவர். ஏழாம் நாள் படிப்பிக்கத்தான் வாறனான்."

சொல்லிவிட்டு வெளியே போனாள். வீட்டுக்குப் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அரை மணித்தியாலம் கழித்து றம்யா என் யன்னலடியில் நின்று மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு மைக் மட்டும்தான் அன்ரி பிடிக்கத் தெரியும். கொம்பு எந்தப் பக்கம் எண்டு பிள்ளையள் கேக்குதுகள், பலகை மூடிக்கொண்டு நிக்குது." நான் முற்றத்தைக் காட்டினேன். புஸ்பவதி அங்கே தூக்கிப் போட்ட கரும்பலகைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அகன்ற கல் தளத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். கையில் கிழிந்த பெட்டியின் பாதி.

றம்யா மூக்கைத் துடைத்தாள். பிறகு பிள்ளைகளை வரிசையாக்கி முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

எமிலியானுஸ் பாய்ந்து போனது உண்மை. ஆனால் முற்றம் கோயிலுடையது. பங்குச் சுவாமியிடம் புஸ்பவதி முதலே கேட்டுவிட்டாள். பிள்ளைகள் எப்படியும் அங்கே கிறுக்குகிறவைதானே என்று அவர் தலையாட்டியிருந்தார். பேரவைச் சுற்றறிக்கை மண்டப வாசற்படியோடு முடிந்துவிடும். தலைவர் படியில் நின்று பார்த்தார். இவ்வளவு நாளும் ஒளித்து வைத்திருந்த மற்றப் பாதிச் சோக்கை எடுத்துவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் என் யன்னலில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை உரிய இடத்தில் சேர்த்துவிட்டேன்.

ஏடுகளில் வகுப்பு றம்யாவுடையது. கல்லில் எழுதியது புஸ்பவதியுடைய பிள்ளைகள். இரவில் மழை வந்து துடைத்துவிடும். மழையிடம் யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. மார்கழி விடுமுறைக்கு முந்திய ஞாயிறு, முற்றத்தில் பதினான்கு பெயர் இருந்தது. பூசைக்கு வந்த பலேர்மோக் கிழவிகள் மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். பேரவையின் ஆண்டறிக்கையிலும் பதினான்கு இருந்தது: 'தொடுபலகை வழியாகப் பெயர் எழுதக் கற்ற மாணவர் தொகை, நூறு வீதம்.' பக்கத்தில் பலகையோடு மார்க்கண்டு ஐயாவின் படம்.

பிறகு நடந்தது இவ்வளவுதான். மார்க்கண்டு ஐயா பேரவைத் தலைவராகி, 'தொடாமல் கற்பித்தல்' என்ற புதுப் பயிற்சி தொடங்கினார். எமிலியானுஸுக்கு இத்தாலியக் கடவுச்சீட்டு கிடைத்ததும் பலரைப் போல அவரும் 2017இல் குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டார். போகும்போது சட்டம் போட்ட கடிதத்தையும் கழற்றிக்கொண்டு போனார். அங்கே மாட்டியிருக்கிறார் என்று கேள்வி. கேசினியின் குடும்பம் வடக்கே குடிபோக ஜெனோவாக் கப்பல் ஏறியது. புஸ்பவதி எங்கும் போகவில்லை. இன்றும் எனக்கு மேலேதான். ஞாயிறு காலை கதிரை நகர்கிற சத்தம் கேட்டுத்தான் நான் எழும்புவது.

றம்யா, எமிலியானுஸ் போவதற்கு முந்திய வருடமே, சாந்தரூபன் என்ற பெடியனைக் கட்டி லண்டன் போனாள். துறைமுகத்தில் வேலை செய்த பெடியன், நல்ல குணம். நகையும் சேலையும் குவிந்த பரிசு மேசையில் புஸ்பவதி வைத்தது ஒரு சின்னப் பொதி. அதைப் பிரித்து மூடிய ஒரே ஆள் நான்தான், வேண்டுமென்று இல்லை, ஒட்டு சரியாக ஒட்டவில்லை. உள்ளே ஒரு புது நீலத் துணி.

போன மாதம் றம்யா தொலைபேசி எடுத்தாள். அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் முதலாம் வகுப்பு அவளுக்குக் கொடுத்திருக்கிறார்களாம். பலகை எங்களுடையதைவிடப் பெரிசாம். வாணி விழாவும் சிறப்பாக நடந்ததாம்.

"பொட்டு?" என்று கேட்டேன்.

"மேல் வலது மூலையிலைதான் அன்ரி வைச்சிருக்கினம்."

"துணி?"

"பையுக்கை கிடக்கு. இப்ப எல்லாரும் மாலையோடை வெளியிலை நிக்கினம்," என்றாள் றம்யா. "நான் போனை வைக்கிறன், அன்ரி. தண்ணி கொதிச்சிட்டுது."